மச்சானை வேனில் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லலாமா?

கடிதத்தின் சுருக்கம்: துபாயில் கடை ஒன்றில் வேலை பார்க்கும் 29 வயது வாசகர், மண்டபம் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் வாழும் தன் அக்காள் குடும்பத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். அக்காள் கணவருக்கு 38 வயது. விசைப்படகில் பங்குக்குப் போகும் தொழிலாளி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு, நான்கு மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்தார். முன்பெல்லாம் கரைக்கு வந்த நாளில் மட்டும் குடித்தவர், இப்போது கண் விழித்ததும் குடிக்கிறார். இரவில் இன்ஜின் சத்தம் கேட்டால் அலறி எழுகிறார். சென்ற மாதம் கொண்டுபோன பாட்டில் முதல் நாளே தீர்ந்துபோக, மறுநாள் நடுக்கடலில் கை கால் உதறி, வலை முழுக்க எறும்பு ஊர்கிறது என்று சொல்லித் தண்ணீரில் குதிக்கப் பார்த்திருக்கிறார். உடன் போனவர்கள் கயிற்றால் கட்டிப் போட்டுக் கரை சேர்த்தார்கள். படகு உரிமையாளரான சம்மாட்டி இனி ஏற்ற மாட்டேன் என்கிறார். அவருடைய மாமியார், அதாவது வாசகரின் அம்மா, அவரை ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துப்போய் மூன்று இரவு தங்க வைத்துவிட்டு வந்தார். "அன்றே கடலோடு போயிருக்கலாம்" என்று இரண்டு முறை சொன்னாராம். பிள்ளைகள் இருவர்.

வாசகர் கேட்பவை மூன்று. நான்கு ஆட்களுடன் வேனில் வந்து ஆளைத் தூக்கிப்போய் மூன்று மாதம் வைத்திருக்கும் தனியார் மையத்துக்கு, மாதம் 20,000 ரூபாய் கட்டிச் சேர்க்கலாமா? அல்லது நண்பர் சொன்னபடி, குழம்பில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மாத்திரையை வாங்கித் தரலாமா? அரசு மருத்துவமனைக்குப் போனால் 'பைத்தியம்' என்று பதிவாகி, மீனவர் அடையாள அட்டைக்கும் தொழிலுக்கும் ஆபத்து வருமா?

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மச்சான் பேசியது அதில் இருக்கிறது. அம்மா சொன்னது, சம்மாட்டி சொன்னது, நண்பர் சொன்னது எல்லாம் இருக்கிறது. மையக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கட்டண விவரத்தைக்கூட எழுதியிருக்கிறீர்கள். அக்காள் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி இல்லை. 'அக்காளை இதுவரை அடித்ததில்லை என்று அம்மா சொல்கிறார்' என்ற இடத்தில்கூடப் பேசுவது அம்மாதான். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஊரை விட்டுத் தூரத்தில் இருப்பவர்களுக்குப் பணம் அனுப்புவது ஒன்றே கைக்கு எட்டும் காரியமாக இருக்கிறது. அதனால் பணத்தால் முடிகிற வழியையே மனம் முதலில் தேடுகிறது. ஆனால் இதில் முடிவெடுக்க வேண்டியவர்கள் உங்கள் மச்சானும் அக்காளும். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

படகில் நடந்தது என்ன

எறும்பு ஊர்ந்த கதையைக் கேட்டு ஊரில் சிலர் காற்றுக் கருப்பு என்றார்கள், சிலர் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள் என எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் இல்லை. தினமும் குடித்துப் பழகிய உடலுக்கு மது திடீரென்று நின்றுபோனால் நடக்கும் காரியம் இது. கடைசி மிடறு இறங்கி ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும். வியர்க்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். ஊர்வதும் பறப்பதும் கண்ணுக்குத் தெரியும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை இன்னும் மோசமான நிலை ஒன்று உண்டு. ஆள் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் பிதற்றுவார், காய்ச்சல் ஏறும், இதயம் படபடக்கும். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்பார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் இதில் உயிர் போவதுண்டு. அன்று கயிற்றால் கட்டியவர்கள் மேல் வருத்தப்படாதீர்கள். நடுக்கடலில் அவர்களிடம் வேறு என்ன இருந்தது?

இதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மச்சானுடைய குடியை 'நாளையிலிருந்து தொடவே கூடாது' என்று சத்தியம் வாங்கி நிறுத்துவது ஆபத்து. ஊரில் சத்தியம் வாங்குவதுதான் முதல் வைத்தியம் என்பது எனக்குத் தெரியும். அவருக்கு முதல் வாரம் மருத்துவரின் கண் முன்னால் கழிய வேண்டும். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரைகளை அதிக அளவில் தொடங்கி, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துவார்கள். கூடவே வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். இன்னொன்று: ஆள் சோர்ந்து கிடந்தால் உள்ளூரில் உடனே குளுக்கோஸ் ஏற்றிவிடுவது நம் பக்கத்து வழக்கம். நீண்ட காலம் குடித்து, சரியாகச் சாப்பிடாமல் இருப்பவருக்கு பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்குக் கேடு வரலாம். அக்காளிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

வேனும் மாத்திரையும்

இப்போது அந்த வேன். ஒழுங்காக நடக்கும் தனியார் மையங்கள் தமிழ்நாட்டில் உண்டு. எல்லாரையும் ஒரே கூடையில் போட மாட்டேன். ஆனால் வீட்டுக்கே வந்து ஆளை அமுக்கித் தூக்கிப் போவதாக விளம்பரம் செய்யும் இடத்தை நான் நம்பமாட்டேன். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்து வரும் மனநிலைகளையும் மனநோய் என்ற சொல்லுக்குள் கொண்டுவருகிறது. அதனால் இத்தகைய மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். இரவில் வலிப்பு வந்தால் பார்க்கப் பணியில் இருக்கும் மருத்துவர் யார், மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், அக்காள் எந்த நாளும் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். 'முதல் மாதம் யாரும் பார்க்கக் கூடாது' என்று பதில் வந்தால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். அடைத்து வைத்து, மருந்தில்லாமல் குடியை நிறுத்தினால் மூன்றாம் நாள் என்ன நடக்கும் என்பதை மேலே எழுதிவிட்டேன். உங்கள் மச்சானுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நான்கு மாதம் அந்நிய நாட்டுச் சிறையில் இருந்துவிட்டு வந்தவரை, நான்கு பேர் பிடித்துப் போய்ப் பூட்டிய அறையில் போட்டால், அவர் தூக்கத்தில் எதற்கு அலறுகிறாரோ அதையே நாம் மறுபடியும் அவருக்குச் செய்தவர்களாவோம்.

குழம்பில் கலக்கும் மாத்திரை பெரும்பாலும் டைசல்ஃபிராம் என்ற மருந்தாக இருக்கும். அதை நான் இன்றும் எழுதிக் கொடுக்கிறேன், நல்ல மருந்துதான். மது உடலுக்குள் சிதையும்போது இடையில் உண்டாகும் நச்சை மேலே சிதைய விடாமல் இது தடுத்துவிடும். குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். 'இந்த மருந்து உள்ளே இருக்கிறது, குடித்தால் இப்படி ஆகும்' என்று அறிந்தவருக்கு அது கைக்காவல். அறியாதவருக்கு அது விஷம். அவர் வழக்கம்போலக் குடிப்பார். கல்லீரலோ இதயமோ கெட்டிருந்தால் உயிருக்கே முடிவாகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேகம் உடலில் தங்கும். கரையில் சாப்பிட்ட குழம்பு கடலில் வேலை செய்தால் 108 அங்கே வராது. ஒருநாள் உண்மை தெரிந்தால், அதன் பிறகு மனைவி கையால் போடும் சோற்றை அவர் நம்பிச் சாப்பிடுவாரா? மாறாக, அவரே சம்மதித்து, பரிசோதனைகள் முடித்து, தினமும் காலையில் அக்காள் முன்னால் விழுங்கினால் இதே மாத்திரை பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. இது ஒத்துவராதவர்களுக்கு, குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் வேறு மருந்துகளும் இருக்கின்றன.

பக்கத்தில் இருப்பது எது

'அரசு ஆஸ்பத்திரியில் இதற்கெல்லாம் என்ன இருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். மண்டபத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில், ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டது. அங்கே மனநலப் பிரிவு உண்டு. அதுதவிர மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இயங்குகிறது. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் கொண்ட குழு குறிப்பிட்ட கிழமைகளில் வட்ட அரசு மருத்துவமனைகளுக்குப் போய்ப் பார்க்கிறது, மருந்தும் இலவசம். எந்தக் கிழமையில் எந்த ஊர் என்பதை அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் கேட்டால் சொல்வார்கள். முதல் வாரம் படுக்கையில் இருந்து நடுக்கத்தை அடக்கிவிட்டு, பிறகு மாதந்தோறும் பக்கத்து ஊரிலேயே மருந்து வாங்கிக்கொள்ளலாம். நீண்ட நாள் தங்க வேண்டியிருந்தால் இரண்டு வழிகள் உண்டு. 2025-இல் தமிழ்நாடு அரசு 'கலங்கரை' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் 25 போதை மீட்பு மையங்களைத் திறந்தது; எது பக்கம் என்று மனநலப் பிரிவில் கேளுங்கள். மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் மானியத்தில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்களும் இருக்கின்றன. 14446 என்ற எண்ணில் கேட்டால் விவரம் கிடைக்கும்.

இது அரசு போடும் பிச்சை என்ற எண்ணம் வேண்டாம். அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் இடங்களில் மனநல சிகிச்சை பெறுவது, சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி ஒவ்வொருவரின் உரிமை. வரிசை நீளமாக இருக்கும், மருத்துவர் அவசரத்தில் இருப்பார், ஒரு மருந்து இல்லை என்று வெளியே எழுதிக் கொடுப்பதும் நடக்கும். இருபது ஆண்டுகள் அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவள் நான், மறைக்க மாட்டேன். ஆனாலும் மூன்றாம் நாள் இரவு வலிப்பு வந்தால் ஊசி போட ஆள் இருக்கும் இடம் அது.

பதிவைப் பற்றிய பயத்துக்கும் அதே சட்டத்தில் பதில் உண்டு. 23-ஆம் பிரிவு சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. மருத்துவமனைச் சீட்டு மீன்வளத் துறைக்கோ சங்கத்துக்கோ போவதில்லை. நடுக்கடலில் நடந்ததைப் படகில் இருந்த அத்தனை பேரும் பார்த்தாயிற்று. சிகிச்சை எடுத்துத் தெளிந்து வருவதால் அவர் பெயர் இதற்கு மேல் கெடப் போவதில்லை.

ஏர்வாடிக்குப் போனதற்காக அம்மாவைக் கடிந்துகொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது தேவையில்லை. இந்தக் கரையில் எந்த மதத்துக்காரரும் போகும் இடம் அது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். இன்று எந்த மனநோயாளியையும் எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டுவதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. தர்காவுக்கு வருபவர்களுக்குப் பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க அங்கேயே அரசின் மனநல மருத்துவச் சேவையும் ஏற்பாடாகியிருக்கிறது. அம்மா மறுபடியும் போக விரும்பினால் போகட்டும். மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொல்லாதிருந்தால் போதும்.

கட்டாயப்படுத்த முடியுமா

மச்சான் தானே வந்து சேர விரும்பினால் எளிது. 86-ஆம் பிரிவின்படி சேரலாம், போக விரும்பினால் கேட்டுப் போகலாம். வர மறுக்கும் ஒருவரைச் சேர்க்க 89-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் வெறுமனே 'குடிக்கிறார்' என்பது அதற்குப் போதாது. நோயின் தீவிரத்தால் தன்னைத் துன்புறுத்திக்கொள்ள அண்மையில் முயன்றிருக்க வேண்டும் அல்லது மிரட்டியிருக்க வேண்டும். அல்லது பிறரிடம் வன்முறை காட்டியிருக்க வேண்டும். அல்லது தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாமல் ஆபத்தில் இருக்க வேண்டும். அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை முடிவுகளில் அவருக்குத் துணை நிற்க நியமிக்கப்பட்டவர், விண்ணப்பிக்க, ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியே பரிசோதித்து ஒப்ப வேண்டும். முப்பது நாள்தான் வரம்பு. ஏழு நாட்களுக்குள் மனநல மறு ஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உயிருக்கு அவசரம் என்றால் எந்தப் பதிவு பெற்ற மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம்.

நியமனப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க மச்சானுக்கே உரிமை உண்டு. வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைத்தால் போதும். தெளிவாக இருக்கும் ஒரு காலையில் அவர் அக்காள் பெயரை எழுதிக் கொடுக்கட்டும். உங்கள் பெயரையும் எழுதலாம், ஆனால் துபாயிலிருந்து எப்படி வந்து நிற்பீர்கள்?

'கடலோடு போயிருக்கலாம்' என்ற பேச்சைக் குடிபோதைப் பேச்சு என்று தள்ளாதீர்கள். 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?' என்று அக்காள் நேராகக் கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்டதும் அழுது இறக்கி வைத்தவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். எண்ணம் இருப்பதாகத் தெரிந்தால் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு. இரவானால் 14416, டெலி மானஸ், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். 'போலீஸ் கேஸ் ஆகும்' என்ற பயத்தில் மறைக்கவும் வேண்டாம். தற்கொலைக்கு முயல்பவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்பதுதான் 115-ஆம் பிரிவு.

61 நாட்கள்

உங்களுக்கு வாய்ப்பான காலம் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. சம்மாட்டி ஏற்றமாட்டேன் என்றாலும் ஏற்றுவேன் என்றாலும், அப்போது யாருமே போகப் போவதில்லை. வருமானம் போகிறதே என்று சிகிச்சையைத் தள்ளிப்போடக் காரணம் இருக்காது. நடுக்கம் அடங்க ஒரு வாரம் பத்து நாள். எஞ்சிய ஐம்பது நாளில் தூக்கத்தைச் சரிசெய்து, சிறையில் நடந்ததைப் பற்றிப் பேச வைக்கலாம். அந்த அலறலுக்கும் மனப்பதறலுக்கும் தனியாகச் சிகிச்சை உண்டு. இல்லாவிட்டால் தூங்குவதற்காகவே மறுபடியும் பாட்டிலைத் தேடுவார். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் கணக்கில் ஏறும் வாரத்தில் அக்காள் கவனமாக இருக்க வேண்டும். கரையில் சும்மா இருக்கும் கையில் பணமும் சேரும் நாள் அது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தடைக்காலத்தில் வார்டில் சேர்ந்த ஒரு மீனவர் பையில் வலை ஊசியையும் ஒரு கண்டு நூலையும் கொண்டுவந்திருந்தார். இரண்டாம் நாள் நூலை ஊசியில் ஏற்றவே முடியவில்லை. மூன்று முறை முயன்றுவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார். ஆறாம் நாள் காலை நான் சுற்றுக்கு வந்தபோது கட்டில் கம்பியில் நூலைக் கட்டி நான்கு கண்ணி முடிந்திருந்தார். கண்ணிகள் ஒரே அளவில் இல்லை. "பழுதாக இருக்கிறது டாக்டர்" என்று சிரித்தார். அன்றைக்கு நடுக்கத்தின் அளவை நான் கேஸ் ஷீட்டில் தனியாக எழுதவில்லை. நான்கு கண்ணி என்று எழுதினேன். அவர் அந்த ஆண்டு தீபாவளிக்குக் குடித்தார். பிறகு அவராகவே வந்தார். உங்கள் மச்சானும் சறுக்கலாம். அப்படி நடந்தால் சிகிச்சை தோற்றதென்று நினைக்காமல் மறுபடியும் வர வேண்டும். ஜூனில் கடல் திறந்ததும் இரவு தங்கும் படகில் ஏற அவசரப்படாமல், முதலில் கரையில் வலை வேலையோ பகலில் போய்வரும் நாட்டுப்படகோ பார்க்கலாம். தூக்கம் தரும் மாத்திரை எதையாவது தொடர்ந்து சாப்பிட்டால், அதோடு கடலுக்குப் போகலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அக்காளுக்கு

அம்மா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து அக்காளை அழையுங்கள். மச்சானைப் பற்றிக் கேட்காமல், அக்காள் எப்படி இருக்கிறார், தூங்குகிறாரா, பயமாக இருக்கிறதா என்று கேளுங்கள். அடி விழுந்திருந்தால், கணவருக்கு நோய் என்பதற்காக அவர் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 181 என்ற எண் பெண்களுக்கானது. குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். பெண் என்ற ஒரே தகுதியில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வழக்கறிஞரும் கிடைப்பார். நீங்கள் ஒதுக்கி வைத்திருக்கும் 60,000 ரூபாயை மையத்துக்கு அனுப்பாதீர்கள். அடகில் இருப்பதாக எழுதியிருந்தீர்களே, அக்காளின் நகை, அதை மீட்கவும் இரண்டு மாத வீட்டுச் செலவுக்கும் அது பயன்படட்டும்.

மருத்துவமனைக்குப் போகும் நாளில் காலையிலேயே கிளம்பி வரச் சொல்லுங்கள். புற நோயாளிச் சீட்டு அப்போதுதான் எளிதாகக் கிடைக்கும். ஆதார் அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள், இரண்டு நாளுக்கு மாற்றுத் துணி, கூடத் தங்க ஓர் ஆள். 'கை நடுக்கத்துக்கும் தூக்கத்துக்கும் காட்டுவோம்' என்று சொல்லிக் கூப்பிட்டால் மச்சான் வருவார் என்றே நினைக்கிறேன். அது பொய்யும் இல்லை. அன்று காலை நடுக்கம் தாங்காமல் கொஞ்சம் குடித்துவிட்டாரென்றால் திரும்பிப் போய்விட வேண்டாம். எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று அக்காள் மருத்துவரிடம் சொன்னால் போதும்.